ரெண்டு கேனிஸ்டரை ஒண்ணா கோர்க்கலாமா? – மீன் தொட்டி கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில முக்காவாசி கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய கீழ வெச்சு ஹோஸ் வழியா தண்ணிய சுத்த விடுற மூடுன டப்பா ஃபில்டர்) பத்தினதுதான், அதுலயும் பாதிப் பேரு ஒரே விஷயத்த வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. அதனால கப்பி ஏன் குட்டி போட மாட்டேங்குது, பிளெக்கோ ஏன் பாசி திங்க மாட்டேங்குது மாதிரி கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்தப் பகுதி முழுக்க ஃபில்டருக்கே குடுத்துட்டேன். கப்பி வளக்குறவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா வணக்கம். என்கிட்ட 300 லிட்டர் தொட்டி இருக்கு, ரெண்டு ஆஸ்கர் மீன், ரெண்டுமே ஒரு சாணுக்கு மேல வளந்திருச்சு. மணிக்கு 1000 லிட்டர்னு பாக்ஸ்ல போட்ட ஒரு கேனிஸ்டர் ஓடுது, ஆனாலும் தண்ணி எப்பவும் ஒரு மாதிரி தூசியாவே இருக்கு. அதே மாடல்ல இன்னொண்ணு கைக்கு வந்திருக்கு. முதல் ஃபில்டரோட அவுட்லெட்ட ரெண்டாவதோட இன்லெட்டுல கோர்த்துட்டா தண்ணி ரெண்டு தடவ வடிகட்டி வரும்ல, அப்ப ரெண்டு மடங்கு சுத்தமா இருக்கும்னு நெனைக்கிறேன். சரியா?

பதில்: கேக்க ரொம்ப நியாயமாத்தான் இருக்கு தம்பி, நானும் இதே கணக்கு போட்டவன்தான். ஆனா கணக்கு தப்பு. எப்படின்னு சொல்றேன்.

தொட்டில இருந்து 100 தூசி கெளம்பி முதல் ஃபில்டருக்குப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு சுத்துல அது பாதியப் பிடிக்கும்னு வெச்சா 50 பிடிச்சாச்சு. மிச்சம் 50 தான் ரெண்டாவதுக்குப் போகும், அது அதுல பாதி, 25 பிடிக்கும். மொத்தம் 75. இப்ப அதே ரெண்டு ஃபில்டரையும் தனித்தனி ஹோஸ் போட்டு தனித்தனியா தொட்டில மாட்டுங்க. அதே நேரத்துல ரெண்டுக்கும் நூறு நூறு தூசி போகும், ஐம்பது ஐம்பது பிடிக்கும். மொத்தம் 100. அதே ஃபில்டர், அதே மீடியா (உள்ள போடுற ஸ்பாஞ்சு, ரிங்கு எல்லாம்), அதே கரண்டு, ஆனா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டுனதுக்காக கால்வாசி வேலை போச்சு. ஃபில்டர் நல்ல ஃபில்டரா இருந்தா நஷ்டம் இன்னும் ஜாஸ்தி, ஏன்னா முதல்லயே எல்லாத்தையும் பிடிச்சிட்டா ரெண்டாவது சும்மா தண்ணிய வேடிக்க பாத்துட்டு ஒக்காந்திருக்கும். மீன் கழிவுல வர்ற அமோனியாவுக்கும் இதே கணக்குதான்.

சரி, ரெண்டு மோட்டார் சேந்து தள்ளுதே, தண்ணி வேகமா சுத்தாதான்னு அடுத்து கேப்பீங்க. சுத்தாது. ரெண்டு பம்ப வரிசையா வெச்சா அழுத்தம்தான் கூடும், தண்ணி அளவு ரெண்டு மடங்கு ஆகாது. இங்க இன்னொரு விஷயமும் இருக்கு, கேனிஸ்டர் மோட்டார் தண்ணிய மாடிக்கு ஏத்தற வேலை பண்ணல, தொட்டில இருந்து கீழ இறங்குற தண்ணியோட கனமே மேல ஏறுற தண்ணிய சரிக்கட்டிடுது, அதனால மோட்டார் முக்கால்வாசி சண்ட போடுறது ஸ்பாஞ்ச், செராமிக் ரிங்கு, ஹோஸ் வளைவு இதுங்களோட உரசலோடதான். நீங்க ஒரு மோட்டார் சேக்கும்போது கூடவே இன்னொரு டப்பா நிறைய மீடியாவையும் சேக்குறீங்க. புது மோட்டாரோட பலம் அந்தப் புது மீடியாவத் தள்றதுக்கே சரியாப் போயிடும். முடிவுல முன்னாடி எவ்வளவு தண்ணி வந்துச்சோ அதான் வரும், கூடிப் போனா கொஞ்சம் சேத்து வரும், அவ்வளவுதான்.

பாக்ஸ்ல போட்ட 1000 லிட்டர நம்பாதீங்க. பொதுவா அது உள்ள மீடியா இல்லாம எடுத்த அளவு. உங்களுக்கு நிஜமா எவ்வளவு வருதுன்னு பாக்கணும்னா ஒரு 10 லிட்டர் வாளி, ஃபோன்ல இருக்கிற ஸ்டாப்வாட்ச், இது போதும். அவுட்லெட் ஹோஸ வாளில விட்டு எத்தனை செகண்டுல நிறையுதுன்னு பாருங்க, 60 செகண்டுன்னா மணிக்கு 600 லிட்டர். ஆனா ஒண்ணு, வாளியத் தரையில வெச்சு அளக்காதீங்க. தரையில வெச்சா தண்ணி தானா கீழ இறங்குற சைஃபன் இழுப்பு சேந்துக்கும், மோட்டார ஆஃப் பண்ணாக்கூட தண்ணி கொட்டும், அளவு ஆஹா ஓஹோன்னு காட்டும். ஒரு ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டாவது ஹோஸ் வாய் தொட்டித் தண்ணி மட்டத்துக்கு வர்ற மாதிரி பிடிச்சு அளங்க. நான் முதல்தடவ தரையில வெச்சு அளந்துட்டு என் ஃபில்டர் பாக்ஸ்ல போட்டதவிட அதிகமா தள்ளுதுன்னு ரெண்டு நாள் பெருமையா சுத்துனேன்.

இப்ப அந்த 600 வெச்சே பாப்போம். 300 லிட்டர் தொட்டி, மணிக்கு 600 லிட்டர், அதாவது ரெண்டு சுத்து. ரெண்டு சுத்துன்னா எல்லாத் தண்ணியும் ரெண்டு தடவ ஃபில்டருக்குள்ள போயிட்டு வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, போன தண்ணியே திரும்பப் போகும், போகாத தண்ணி போகாமயே மூலைல நிக்கும். நல்லா கலங்குற தொட்டிலயே ஒரு மணி நேரம் கழிச்சு சுமார் 13 சதவீத தண்ணி ஃபில்டர் பக்கமே எட்டிப் பாத்திருக்காது. ரெண்டையும் தனித்தனியா மாட்டி மணிக்கு 1200 ஆக்கிட்டீங்கன்னா அது 2 சதவீதத்துக்குள்ள வந்துடும். வரிசையா கோர்த்தா கிட்டத்தட்ட அதே 13ல தான் நிப்பீங்க.

அதனால உங்க ஆஸ்கர் தொட்டிக்கு என் பதில்: தனித்தனியா மாட்டுங்க. ஒண்ணோட இன்லெட் இடது மூலைலயும் இன்னொண்ணோட இன்லெட் வலது மூலைலயும் இருக்கட்டும், ஆஸ்கர் போடுற கழிவு எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க, அந்தப் பக்கம் ஒரு இன்லெட் கட்டாயம் வேணும். ஒரு ஃபில்டர்ல ஸ்பாஞ்சும் ஃப்ளாஸும் (மெல்லிசு பஞ்சு) அதிகமா போட்டு தூசி பிடிக்க விடுங்க, இன்னொண்ணுல செராமிக், பயோ மீடியா (கழிவத் திங்கிற பாக்டீரியா குடியிருக்கிற மீடியா) அதிகமா போடுங்க. இன்னொரு லாபமும் இருக்கு, ஒண்ணு நின்னு போனாலும் இன்னொண்ணு ஓடும். கோர்த்து வெச்சீங்கன்னா ஒரு மோட்டார் போனா நின்ன இம்பெல்லரே (மோட்டார்ல தண்ணியத் தள்ளுற விசிறி) குறுக்க நிக்கிற கட்ட மாதிரி ஆயிடும், மத்த மோட்டார் மூச்சு வாங்கும், ரெண்டும் படுத்துடும்.

என் சொந்தக் கதையையும் சொல்லிடறேன். பெரிய மோட்டார் உள்ளது ஒண்ணு, அதவிட பாதி பலத்துல சின்னது ஒண்ணு, ரெண்டையும் கோர்த்து பெரிசு தள்ள சின்னது வாங்குற மாதிரி வெச்சிருந்தேன். பத்து நாள் ஒண்ணும் ஆகல. பதினோராவது நாள் ராத்திரி மூணு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்து கால வெச்சா மிதியடி சொதசொதன்னு இருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தா சின்ன கேனிஸ்டரோட மூடில நாலு கிளிப்பும் பூட்டித்தான் இருக்கு, ஆனா ஒரு பக்கம் ஓ ரிங்கு, அதான் மூடிய இறுக்குற ரப்பர் வளையம், புழு மாதிரி வெளிய பிதுங்கி அங்கேர்ந்து ஒரு நூல் கணக்கா தண்ணி. பெரிய மோட்டார் தள்ளுன அழுத்தம் முழுக்க அந்தச் சின்ன மூடி மேல. தரையில போன தண்ணி கூடப் பரவால்ல, ஸ்விட்ச் போர்டு பக்கம் போகாம இருந்ததுதான் என் அதிர்ஷ்டம். காலைலயே கழட்டி தனித்தனியா மாட்டிட்டேன்.

மாத்தி வெச்சா, அதாவது சின்னது முன்னாடி பெரிசு பின்னாடின்னா? அப்ப பெரிசு இழுக்குற இழுப்புக்கு சின்னதால தண்ணி குடுக்க முடியாது, முன்னாடி இருக்கிறதோட ஓ ரிங்கு வழியா காத்து உள்ள வரலாம், மோட்டார் கரகரன்னு கத்தும். ரெண்டுமே வம்புதான்.

கேள்வி: தம்பி, ரிட்டயர் ஆன பிறகு மீன் வளர்க்க ஆரம்பிச்சவன் நான். பழைய கேனிஸ்டர் ஒண்ணு மோட்டார் எரிஞ்சு போச்சு, டப்பா, மூடி, கிளிப் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. இப்ப ஓடுற ஃபில்டருக்கு முன்னால இத வெறும் டப்பாவா மாட்டலாமா?

பதில்: ஐயா, தாராளமா மாட்டுங்க. கேனிஸ்டர் கோர்க்கிறதுல நான் ஆதரிக்கிற ஒரே முறை இதுதான். முன்னால ஒரு மோட்டார் இல்லாத டப்பா, அது முழுக்க பெரிய ஓட்ட ஸ்பாஞ்சு, பெரிய அழுக்கு எல்லாம் அதுலயே நின்னுடும், பின்னால மோட்டார் இருக்கிற ஃபில்டர் முழுக்க பயோ மீடியா. ப்ரீ ஃபில்டர்னு சொல்வாங்க. முன்னால இருக்கிறத வாரா வாரம் கழுவிக்கலாம், பின்னால இருக்கிற பாக்டீரியா வீட்ட மாசக்கணக்கா தொடவே வேண்டாம். தனியா ப்ரீ ஃபில்டர்னு விக்கிறதும் அடிப்படைல இந்த வெறும் டப்பாதான்.

ஆனா மொதல்ல அந்த எரிஞ்ச மோட்டார் தலையப் பாருங்க. மோட்டார் சுருளச் சுத்தி பிசின் ஊத்தி அடைச்சிருப்பாங்க, அதுல விரிசலோ வீக்கமோ கருகுன தடமோ இருந்தா அந்தத் தலைய தண்ணில விடவே கூடாது. உள்ள இருக்கிறது செம்புக் கம்பி. செம்பு கொஞ்சமா கரைஞ்சாலும் இறால், நத்தை மொதல்ல சாகும், அப்புறம் மீனுக்கும் ஆகாது. விரிசல் இல்லன்னா இம்பெல்லர மட்டும் உருவி எடுத்துட்டு தலைய வெறும் மூடியா வெச்சுக்கலாம். வயர பிளக்ல தெரியாத்தனமா யாரும் சொருகிடாம பிளக்க வெட்டிடுங்க.

தண்ணி போற வழி மாறக் கூடாது. சில மாடல்ல, எஹைம் கிளாசிக் மாதிரி, தண்ணி அடில நுழைஞ்சு மேல வெளிய வரும், சிலதுல ரெண்டு குழாயும் மூடிலயே இருக்கும், ஆனா உள்ள ஒரு பாதை வழியா அடிக்குப் போயி மேல ஏறும். எதுவா இருந்தாலும் கீழேர்ந்து மேல ஏறுற மாதிரியே விடுங்க, அப்பதான் உள்ள மாட்டுன காத்து மேல வந்து தானா வெளியேறும்.

டப்பாவ தரையிலயே வைங்க, தொட்டிக்கு பக்கத்துல உயரமா ஸ்டூல் போட்டு வைக்காதீங்க. தரையில இருந்தா மேல நிக்கிற தண்ணி கனத்தால உள்ள ஒரு அழுத்தம் இருக்கும், மோட்டார் இழுத்தாலும் அது தாங்கும். ஸ்பாஞ்சு அடைக்க அடைக்க மோட்டாரோட இழுப்பு ஜாஸ்தியாகி அந்த அழுத்தம் குறைஞ்சுட்டே வரும், உயரத்துல வெச்சிருந்தா சீக்கிரமே மூடி வழியா காத்து உள்ள ஏற ஆரம்பிச்சுடும். அவுட்லெட்ல பொடிப் பொடியா குமிழி வந்தா, தண்ணி வேகமும் குறைஞ்சிருந்தா, அர்த்தம் ஒண்ணுதான்: முன் டப்பாவக் கழுவுற நாள் தாண்டிப் போச்சு.

ஹோஸ் அளவையும் பாருங்க. ஓடுற ஃபில்டர் 16 மில்லி உள் அளவு ஹோஸ்ல ஓடுது, பழசு 12 மில்லின்னா நடுவுல ரெட்யூசர் போட்டு ஒட்டிடலாம்னு தோணும். பாக்க நாலு மில்லி வித்தியாசம்தான், ஆனா குழாயோட வாய்ப் பரப்பு கிட்டத்தட்ட பாதியாயிடும், அதே அளவு தண்ணி போகணும்னா உரசல் நாலு மடங்குக்குப் பக்கமா போகும். அப்படின்னா பழச இதுக்கு மாட்டாதீங்க.

கேள்வி: செடித் தொட்டி வெச்சிருக்கேன். கண்ணாடி குழாய் ரெண்டு ஜோடி தொங்குனா அழகு கெட்டுடுது. ஒரே இன்லெட்ட டி ஜாயிண்ட் போட்டு ரெண்டு கேனிஸ்டருக்கும் பிரிச்சு விட்டா என்ன ஆகும்?

பதில்: ஓடும், ஆனா சமமா ஓடாது. தண்ணிக்கு சுலபமான வழி எதுவோ அங்கதான் போகும். நேத்து கழுவுன ஃபில்டர் நெறையா இழுக்கும், அழுக்கா இருக்கிறது கொஞ்சமா இழுக்கும், அழுக்காக ஆக அதுக்குப் பங்கு இன்னும் கொறையும், கடைசில அது பேருக்கு ஓடிட்டிருக்கும், உள்ள ஆக்சிஜன் பத்தாம பாக்டீரியா வாடும், வெளியேர்ந்து பாத்தா எதுவும் தெரியாது. அதுக்கு மேல ஒரே கண்ணாடி இன்லெட்டுக்குள்ள ரெண்டு மோட்டாரோட தண்ணியும் நுழையணும், அந்தக் குழாய் ஒரு மோட்டாருக்குன்னு செஞ்சது, இழுப்பு வேகத்துல சின்ன மீனும் இறாலும் கம்பில ஒட்டிக்கும். அழகுதான் முக்கியம்னா தொட்டிக்கு பின்னாடி மூலைல ரெண்டாவது ஜோடியக் கருப்பு பிளாஸ்டிக் குழாயா போட்டு முன்னால உயரமா வளர்ற செடி ஒரு கொத்து நட்டுடுங்க, ஒரு மாசத்துல மறைஞ்சுடும். சிஓடூ ரியாக்டர் (செடிக்கு கார்பன் டை ஆக்சைடு கரைக்கிறது), இன்லைன் ஹீட்டர், யூவி விளக்கு இதெல்லாம் இருந்தா ஒரு ஃபில்டரோட அவுட்லெட் பக்கம் மட்டும் மாட்டுங்க, இன்லெட் பக்கம் வேண்டாம்.

கேள்வி: நான் ஏற்கனவே ரெண்டு கேனிஸ்டர கோர்த்துட்டேன், இப்ப பிரிக்கிறதுக்கு ஹோஸ் இல்ல. கழுவிட்டு ஆன் பண்ணா ரெண்டாவதுல கொடகொடன்னு அரை நாள் சத்தம் வருது. என்ன பண்றது?

பதில்: சத்தம் காத்து. முதல் டப்பால மாட்டுன காத்து எல்லாம் வெளிய போறதுக்கு ஒரே வழி ரெண்டாவது டப்பாதான், அது பாவம் தன் காத்தையும் அடுத்தவன் காத்தையும் சேத்து வெளிய தள்ளணும். ரெண்டையும் காலியா மூடிட்டு ஆன் பண்ணாதீங்க. மூடுறதுக்கு முன்னாடியே ரெண்டு டப்பாவையும் தொட்டித் தண்ணியால கழுத்து வரைக்கும் ரொப்புங்க, அப்புறம் தொட்டிப் பக்கத்து வால்வ மட்டும் தொறந்து முதல் டப்பா முழுசா நிறையட்டும், ஹோஸ்ல தண்ணி ஏறுறது கண்ணுக்குத் தெரியும், அப்புறம் நடு வால்வு, கடைசியா அவுட்லெட் வால்வு. எல்லாம் நிறைஞ்ச பிறகுதான் கரண்டு. ஓடும்போது ரெண்டாவது டப்பாவ கையால ரெண்டு பக்கமும் லேசா சாய்ங்க, கீழ ரிங்குக்கு நடுவுல மாட்டுன காத்து ஒரு பெரிய ஏப்பம் மாதிரி வெளிய வரும். தட்டாதீங்க, சாய்ங்க.

பிரிக்கிற வரைக்கும் ரெண்டு மோட்டாரையும் ஒரே ஸ்விட்ச்ல வைங்க, ஒண்ணு ஓடி ஒண்ணு நிக்கிற நெலம வரக்கூடாது. ரெண்டையும் ஒரே நாள்ல கழுவாதீங்க. ஒண்ணக் கழுவுனா இன்னொண்ணுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு, அதுவும் குழாய்த் தண்ணில இல்ல, வாட்டர் சேஞ்சு பண்ணும்போது எடுத்த தொட்டித் தண்ணில. குழாய்த் தண்ணி குளோரின் நீங்க வளத்த பாக்டீரியாவையும் சேத்துத்தான் சாகடிக்கும்.

கேள்வி: ரெண்டு கேனிஸ்டர், ரெண்டுலயும் விலை கூடுன மீடியா. ஆனா நைட்ரேட் 80 பிபிஎம்லயே (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) நிக்குது. மூணாவது ஃபில்டர் போடணுமா?

பதில்: பத்து போட்டாலும் இறங்காது. ஃபில்டர் வேலையே நைட்ரேட்ட உண்டு பண்றதுதான். மீன் கழிவுல வர்ற அமோனியாவ ஒரு கூட்டம் நைட்ரைட்டா மாத்தும், நைட்ரைட்ட இன்னொரு கூட்டம் நைட்ரேட்டா மாத்தும். பழைய மீன் புத்தகத்துல எல்லாம் இந்த ரெண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர்னு போட்டிருக்கும், 1998ல தொட்டி ஃபில்டர்ல எடுத்துப் பாத்தப்ப அங்க இந்த வேலை பாத்தது நைட்ரோஸ்பைரான்னு தெரிஞ்சது, 2015ல இன்னும் ஒரு படி மேல போயி அதே நைட்ரோஸ்பைராவுல ஒரு சில வகை அமோனியால இருந்து நைட்ரேட் வரைக்கும் முழு வேலையையும் தனியாளா முடிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு ஆராய்ச்சிக்கு மாதிரி எடுத்ததே மீன் வளர்ப்புத் தொட்டியோட ஃபில்டர்ல இருந்துதான். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச செய்தி, சந்தர்ப்பம் கெடைச்சா சொல்லிடுவேன்.

விஷயத்துக்கு வரேன். பாக்டீரியா எண்ணிக்கைய முடிவு பண்றது மீடியா இல்ல, சாப்பாடு. உங்க மீன் ஒரு நாளைக்கு எவ்வளவு அமோனியா விடுதோ அவ்வளவுக்குத்தான் பாக்டீரியா இருக்கும், எடம் எக்கச்சக்கமா குடுத்தாலும் பசிக்கு மேல பெருகாது. டெஸ்ட் கிட்ல அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம்னா உங்க ஃபில்டர் போதும், அத விட்டுடுங்க. நைட்ரேட்டுக்கு வாட்டர் சேஞ்சு, தீனிய குறைக்கிறது, மீன் எண்ணிக்கைய குறைக்கிறது, இல்ல வேகமா வளர்ற செடி. பாதி தண்ணி மாத்துனா 80 பிபிஎம் 40 ஆகும், மறுபடி பாதின்னா 20, அதுவும் உங்க குழாய்த் தண்ணிலயே நைட்ரேட் இல்லாம இருந்தா, அதையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க. ரொம்ப நாளா 80லயே பழகுன மீனுக்கு ஒரே நாள்ல இறக்காதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ கால்வாசி கால்வாசியா மாத்துங்க.

இன்னொண்ணு, நைட்ரேட் அவ்வளவு ஏறியிருக்குன்னா கேஹெச், அதாவது தண்ணில இருக்கிற கார்பனேட் அளவு, கீழ போயிருக்கலாம், இந்த பாக்டீரியா வேலை பண்ணும்போது தண்ணியோட காரத்தன்மையையும் சேத்து தின்னும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு சுமார் 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கணக்குல போகும். கேஹெச் காலியானா பிஹெச் சரசரன்னு இறங்கும், ஃபில்டரும் மந்தமாயிடும். அதையும் பாருங்க.

கேள்வி: கரண்டு ஆறு மணி நேரம் இல்ல. வந்ததும் ஃபில்டர் தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு, கொஞ்ச நேரத்துல அழுகுன முட்டை நாத்தம், ரெண்டு மீன் போச்சு. கேனிஸ்டர் கெட்டுப் போச்சா?

பதில்: ஃபில்டர் கெடல, உள்ள இருந்த தண்ணி கெட்டுச்சு. கேனிஸ்டர் மூடுன டப்பா, காத்து படாது. 25 டிகிரில தண்ணி புடிச்சு வெச்சிருக்கிற ஆக்சிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், 30 டிகிரின்னா ஏழரை. தண்ணி ஓடலன்னா உள்ள இருக்கிற பாக்டீரியாவும் ஸ்பாஞ்சுல சேந்த அழுக்கும் சேந்து அத சீக்கிரமா தீத்துடும். அதுக்கப்புறம் ஆக்சிஜன் வேணாத வேற கூட்டம் கிளம்பும், அந்த நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கரண்டு வந்ததும் அது மொத்தமா தொட்டிக்குள்ள போயிடுச்சு. எவ்வளவு அழுக்கு உள்ள இருக்கோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும், அதனாலதான் மாசக்கணக்கா கழுவாத ஃபில்டர் ரெண்டு மூணு மணி நேரத்துலயே நாறும், சுத்தமானது தாங்கும்.

இனிமே கரண்டு போயி ரொம்ப நேரம் ஆச்சுன்னா ஃபில்டர் பிளக்க உருவி வெச்சிடுங்க. வந்ததும் டப்பாவத் தொறந்து மோந்து பாருங்க, உள்ள இருக்கிற தண்ணியக் கீழ ஊத்திட்டு மீடியாவ தொட்டித் தண்ணில ஒரு அலசு அலசி புதுசா ரொப்பி அப்புறம் ஓட விடுங்க. ரெண்டு நாள் அமோனியா டெஸ்ட் பண்ணுங்க, தீனிய பாதியாக்குங்க. பேட்டரில ஓடுற சின்ன ஏர் பம்பு ஒண்ணும் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரும் தொட்டில இருந்தா மீனும் பொழைக்கும், கொஞ்சம் பாக்டீரியாவும் பொழைக்கும். ரெண்டு பெரிய கேனிஸ்டர் வெச்சிருக்கிறவங்களுக்கும் இத நான் சொல்றதுண்டு, பந்தா பாக்காம ஒரு ஓரமா போட்டு வைங்க.

கேள்வி: ரெண்டு ஃபில்டர் போட்டதுல இருந்து ஃபேன்சி கோல்டு ஃபிஷ் எல்லாம் ஒரே மூலைல ஒண்டிட்டு நிக்குது. வேகம் ஜாஸ்தியா?

பதில்: ஆமா. அவுட்லெட்ல மாட்டுற ஓட்டை போட்ட குழாய, அதான் ஸ்ப்ரே பார், கண்ணாடிச் சுவரப் பாத்து திருப்பி விடுங்க, அப்பவும் ஜாஸ்தின்னா அவுட்லெட் வால்வ கொஞ்சம் மூடுங்க. இன்லெட் வால்வ மட்டும் மூடிடாதீங்க, மோட்டாருக்கு தண்ணி பத்தாம காத்த இழுத்து சத்தம் போடும்.

கேள்வி: ராத்திரி ஹோஸ் கழண்டா தொட்டி முழுக்க காலியாயிடுமா? அந்தப் பயத்துலயே கேனிஸ்டர் வாங்காம இருக்கேன் அண்ணா.

பதில்: இன்லெட் குழாயோட வாய் எங்க இருக்கோ அதுவரைக்கும் காலியாகும். வாய் அடித்தரைல இருந்தா மீன் துடிக்க வேண்டியதுதான். அதனால இன்லெட் குழாய்ல தண்ணி மட்டத்துக்குக் கீழ ரெண்டு மூணு அங்குலத்துல மூணு மில்லி ஓட்ட ஒண்ணு போட்டு வைங்க, தண்ணி அதுவரைக்கும் இறங்குனதும் காத்து பூந்து சைஃபன் அறுந்துடும். ஆவியாகி தண்ணி அந்த ஓட்டைக்குக் கீழ போயிடாம பாத்துக்கணும், இல்லன்னா ஃபில்டர் காத்த குடிச்சிட்டு நிக்கும். கேனிஸ்டர ஒரு அகலமான பிளாஸ்டிக் டிரேக்குள்ள வைங்க, சின்னக் கசிவு தெரிஞ்சுடும். வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேல ஏறட்டும், வயர் வழியா ஓடி வர்ற சொட்டு அங்கயே விழுந்துடும், பிளக்குக்குள்ள போகாது. மீன் தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) இல்லாம எதையும் ஓட்டாதீங்க, எலக்ட்ரீஷியன கூப்டு போட சொல்லிடுங்க.

கேள்வி: ஓ ரிங்குக்கு வாசலின் தடவலாமா?

பதில்: வேண்டாம். அது பெட்ரோலியம், சில ரப்பர ஊத வெச்சு தொளதொளன்னு ஆக்கிடும். சிலிகான் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு எடுத்து விரலால சுத்தி ஒரு பூச்சு, பளபளன்னு தெரிஞ்சா போதும். தடவுறதுக்கு முன்னாடி ரிங்கு ஒக்கார்ற பள்ளத்த பழைய டூத் பிரஷால தேய்ச்சுடுங்க, ஒரே ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் சொட்டும்.